ஏழு கோடியும் ஒரு கடைவாய்ப் பல்லும்

"இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க மேடம்" என்றார் டாக்டர் ஷமீமா. கிருபாவதி திறந்தாள். ஐம்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு பெரிதாக அவள் வாயைத் திறந்ததே இல்லை, வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி தொகை நுண்கணிதம் நடத்தும்போதுகூட. தலைக்கு மேலே விளக்கு, விளக்குக்குப் பின்னால் டாக்டரின் பச்சை முகமூடி, அதற்கும் மேலே கூரையில் ஈரம் கசிந்து இலங்கை வரைபடம் போல ஒரு கறை. "சின்ன ஊசிதான், எறும்பு கடிச்ச மாதிரி" என்றார் டாக்டர். எந்த எறும்பு என்று கிருபாவதி கேட்க நினைத்தாள், ஆனால் வாய்க்குள் ஏற்கெனவே இரண்டு விரல் இருந்தது. கட்டெறும்பாக இருந்தால்? ஊசி இறங்கியது. கட்டெறும்புதான். கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டது, கால் கட்டைவிரல் செருப்பில்லாமல் தானாகச் சுருண்டது. சரி, எண்ணை எடு, எண்ணை எடு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சற்று முன் வெளியே வரவேற்பறையில் சிகாமணி சார் கொடுத்த எண் அது. "பயமா இருந்தா இதை வச்சுக்கிடுங்க மேடம், உள்ள போனதும் பிச்சுப் பாருங்க" என்று, ஏதோ பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம் கொடுப்பதைப் போலக் கொடுத்தார். ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. எழுதிக்கூடத் தரவில்லை, சொன்னார். ஏழு, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, நூற்று முப்பத்து மூன்று. நம் ஊர் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் அது ஒரு பாட்டு மாதிரி இருந்தது, ஒரு தரம் கேட்டதும் ஒட்டிக்கொண்டது. எட்டு இலக்கம். தாவரவியல் பேராசிரியருக்கு எட்டு இலக்க எண்ணோடு என்ன வேலை?

வேலை என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷமாக இது நடக்கிறது. பூனை எதையாவது கவ்விக்கொண்டு வந்து காலடியில் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்குமே, அந்த மாதிரி சிகாமணி சார் எங்கிருந்தாவது ஒரு எண்ணைக் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூம் மேசையில் போடுவார். "மேடம், ஐம்பத்தொண்ணு பகா எண்தானே?" இல்லை சார், மூன்று பதினேழு. "அப்படியா? பாக்க அப்படித்தானே இருந்துச்சு." அடுத்த வாரம் தொண்ணூற்றொன்று. அதுவும் இல்லை சார், ஏழு பதின்மூன்று. முகம் வாடிப்போகும். வேறு எதிலும் வகுபடாமல் தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடுகிற எண்தான் பகா எண் என்று அவருக்குத் தெரியும், ஆனால் ஒற்றைப்படையாக, கொஞ்சம் முறைப்பாக இருக்கிற எல்லா எண்ணும் அவர் கண்ணுக்குப் பகா எண்ணாகத்தான் தெரிந்தது. "முகத்தைப் பாத்துச் சொல்லக் கூடாது சார், வகுத்துப் பாக்கணும்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் அதற்கு, "நாங்க இலையைப் பாத்தே செடியைச் சொல்லுதோம்லா?" என்றார். சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்போ. சிரிக்காமல் இருந்திருந்தால் போன வெள்ளிக்கிழமை கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜியைப் பாதி பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். "மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. என் வீட்டுக்காரி மீனா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. பையன் ஓசூர்ல இருக்கான், அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் வாரேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தா என்ன?" கிருபாவதி என்ன சொன்னாள்? "எனக்கு கிளாஸ் இருக்கு சார்" என்று எழுந்து ஓடினாள். கிளாஸ் இல்லை. காலி வகுப்பறையில் போய்க் கரும்பலகையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த பலகை அது. அதன் பிறகு கடவுள் புண்ணியத்தில் பல்வலி வந்தது, பேச முடியவில்லை, பதில் சொல்லும் கடமை தள்ளிப்போனது. கடைசியில் அந்தப் பல்லைப் பிடுங்குவதற்கு ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்ததும் அதே சிகாமணி சார்தான். அண்ணன் ஜெயசீலனுக்கு ஆபீஸ், கிரேஸ் மதினிக்கு ரத்தம் என்றாலே மயக்கம்.

உதடு தடித்துக்கொண்டே வந்தது. அது தன் உதடாக இல்லை, யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போன இட்லி மாதிரி இருந்தது. "மரத்துப் போகட்டும், அப்புறம் பாப்போம்" என்று டாக்டர் பக்கத்தில் எதையோ உலோகத் தட்டில் போட்டார். கிளிங். வேண்டாம், எண், எண்ணைப் பார். கடைசி இலக்கம் மூன்று. அப்படியானால் இரண்டும் ஐந்தும் கிட்ட வராது. இலக்கங்களைக் கூட்டு: ஏழும் மூன்றும் பத்து, ஒன்பது பத்தொன்பது, மூன்று இருபத்திரண்டு, ஒன்பது முப்பத்தொன்று, ஒன்று, மூன்று, மூன்று, முப்பத்தெட்டு. மூன்றால் வகுபடாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் ஒரே அடியில் பார்க்க ஒரு வழி உண்டு, மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று வருமே, அதை வைத்து. இப்போது வெள்ளைக்காரன் காற்புள்ளிக்கு மாற வேண்டும், மூன்று மூன்றாக: எழுபத்து மூன்று, தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது, நூற்று முப்பத்து மூன்று. முதலையும் கடைசியையும் கூட்டி நடுவிலிருந்து கழி. எழுநூற்று முப்பத்து மூன்று. ஏழுக்கு ஐந்து மிச்சம், பதினொன்றுக்கு ஏழு மிச்சம், பதின்மூன்றுக்கு ஐந்து மிச்சம். மூன்று பேரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அட, கெட்டிக்கார எண்தான். பாகம் பாகமாகப் பார்த்தால் முப்பத்தொன்பதை மூன்று உடைக்கும், நூற்று முப்பத்து மூன்றை ஏழு உடைக்கும், எல்லாம் உடைகிற சாமான்தான், சேர்ந்து நின்றால் மட்டும் இத்தனை வீம்பு. ஆனால் முழுதாகச் சோதிக்க வேண்டுமென்றால் அதன் வர்க்கமூலமான எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரைக்கும் இருக்கிற பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், ஆயிரத்துக்கும் மேலே வரும். அதற்குள் இருக்கிற பல்லெல்லாம் தானாக விழுந்துவிடும். "வலிக்குதா?" என்று டாக்டர் ஈறில் தட்டினார். கிருபாவதி இல்லை என்று தலையாட்டினாள். வலிக்கவில்லை என்பதே ஒரு பயமாக இருந்தது. வலிக்காமலே ஒரு பொருள் நம்மைவிட்டுப் போய்விடலாமா? நாற்பது வருஷத்துக்கும் மேலாக முறுக்கும் கரும்பும் கடித்த பல் அது, கோழிக்கால் எலும்பை உடைத்த பல். வாயில் ஒன்று குறையும். ஒன்று குறைந்தால் ஆள் குறைந்த மாதிரிதானே. இன்றைக்கு ஒரு பல், நாளைக்குக் கண்ணாடி பவர், அதற்குப் பிறகு முழங்கால், அதற்குப் பிறகு பென்ஷன் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடி அறையில், மதினி கொண்டுவந்து வைக்கிற கஞ்சியில், சே, என்ன நினைப்பு இது, பல்லைப் பிடுங்க வந்த இடத்தில்.

கல்யாணமே வேண்டாம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அது தட்டிப்போன கதை வேறு. இருபத்தாறு வயதில் நாசரேத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கார் எடுத்து வந்தார்கள். ஜன்னல் வழியாக மாப்பிள்ளையைப் பார் என்று அம்மா தள்ளிவிட்டாள். கிருபாவதி கண்ணில் பட்டது கார் எண், நாலாயிரத்து எண்பத்தேழு. பார்க்கப் பகா எண் மாதிரியே ஒரு முறைப்பு. காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வரும்போதும் அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அறுபத்து நாலை அதே அறுபத்து நாலால் பெருக்கினால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு, அதில் ஒன்பது குறைகிறது, ஒன்பது என்பது மூணு மூணு, ஆகவே அறுபத்தொன்று பெருக்கல் அறுபத்தேழு! மாப்பிள்ளைக்குக் காப்பி நீட்டிய அதே நொடியில் அது உடைந்தது, அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு முன்மண்டை கொஞ்சம் வழுக்கை. அதைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் வேலையை விடச் சொன்னார், ஒருவர் மெட்ராஸுக்கு வரச் சொன்னார், பிறகு யாரும் வரவில்லை, அதுவும் ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. கல்லூரி இளசுகள் கேட்டால், "நான் பகா எண்ணுட்டி, என்னையும் ஒண்ணையும் விட்டா வேற யாரும் என்னை வகுக்க முடியாது" என்பாள். அவர்கள் கைதட்டுவார்கள். அந்த ஒன்று யார் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. இப்போது இந்த மனுஷன் பஜ்ஜியும் கையுமாக வந்து கேட்கிறார். பிள்ளைகள் என்ன பேசும்? அண்ணன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? மதினிக்குச் சந்தோஷமாக இருக்கும், மாடி அறை காலியாகும், இல்லை, பாவம், மதினி அப்படி இல்லை, அழுவாள். உண்மையான பயம் அதுவும் இல்லை. காலையில் தன் இஷ்டத்துக்கு எழுந்து, தன் இஷ்டத்துக்குக் பால் விடாத கட்டங்காப்பி போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு கணக்கை யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் சும்மா இருப்பாளே, அதில் வேறொருத்தர் இருமுவார். அதுதான் பயம். ஒரு இருமல். ஆனால் சிகாமணி சார் இருமுவாரா? யோசித்துப் பார்த்தால் இந்த இரண்டு வருஷத்தில் அவர் இருமி அவள் கேட்டதில்லை. தும்முவார், மகரந்தம் பட்டால். அது பரவாயில்லை.

"இப்ப கொஞ்சம் அழுத்தம் மட்டும் தெரியும், பயப்படாதீங்க" என்று டாக்டர் குறடு மாதிரி ஒன்றை எடுத்தார். கிருபாவதி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் சிகாமணி சார் வாசலில் வைத்துச் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. "முழுசாப் பாக்க முடியலைன்னா துளசிக்குக் கிள்ளுத மாதிரி நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் பாருங்க மேடம்." நுனியை என்றால்? கடைசி இலக்கத்தையா? கிள்ளினாள். எழுபத்து மூன்று லட்சத்துச் சொச்சம், அதுவும் பெரிது. இன்னொன்று கிள்ளு. ஏழு லட்சத்துச் சொச்சம். இன்னொன்று. எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது. இன்னொன்று. ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஆ, இது கைக்கு அடக்கமான எண். தாடையை யாரோ பக்கவாட்டில் அசைத்தார்கள், மண்டைக்குள் கட்டில் நகர்த்துகிற சத்தம். மூன்றால் போகாது. ஏழால் வகுத்தால் ஒன்று மிச்சம். பதினொன்றால் வகுத்தாலும் ஒன்றுதான் மிச்சம். இரண்டுக்கும் மூன்றுக்கும்கூட அதே ஒன்றுதான். அதெப்படி? பக்கத்து வீட்டு ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இருக்கிறதே, அது கல்யாண வீடு, இரண்டு, மூன்று, ஏழு, பதினொன்று எல்லாருக்கும் அங்கே பாயும் தலையணையும் உண்டு. ஒரு சுவர் தள்ளி இது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. நம்ம வீடு மாதிரி. பதின்மூன்றுக்கு ஒன்பது மிச்சம். பதினேழுக்குப் பதினைந்து. பத்தொன்பதுக்கு இரண்டு, தப்பித்தது. இருபத்து மூன்றுக்குப் பத்து. "நல்லா ஒத்துழைக்கிறீங்க மேடம்" என்றது ஒரு குரல், எங்கோ கிணற்றுக்கு மேலே. இருபத்தொன்பது, முப்பத்தொன்று, இல்லை. முப்பத்தேழு, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, ஒன்றும் வேகவில்லை. நாற்பத்தேழு, நாற்பத்தேழு, நாற்பத்தேழு பெருக்கல் நூற்றைம்பது ஏழாயிரத்து ஐம்பது, என்ன இது, யாரோ தாடையோடு சேர்த்துப் பிடுங்குகிறார்களா, மிச்சம் முந்நூற்று நாற்பத்து மூன்று, அதில் ஏழு நாற்பத்தேழு முந்நூற்று இருபத்தொன்பது, பதினாலு மிச்சம், இல்லை. ஐம்பத்து மூன்று, தன் வயது, இருபத்தாறு மிச்சம். ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று, அறுபத்தேழு, பழைய கார்க்காரர்கள் இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எழுபத்தொன்று, எழுபத்து மூன்று, எழுபத்தொன்பது. வர்க்கமூலத்துக்குள் எண்பத்து மூன்றுதான் கடைசி. எண்பத்து மூன்று எண்பத்தொன்பது ஏழாயிரத்து முந்நூற்று எண்பத்தேழு, ஆறு மிச்சம். பகா எண்! இன்னும் கிள்ளினால் எழுநூற்று முப்பத்தொன்பது, அது தெரிந்த முகம், பகா எண். எழுபத்து மூன்று, பகா எண். ஏழு, கேட்கவே வேண்டாம். கிள்ளக் கிள்ள மிஞ்சினது எல்லாம் உடையாத எண். கர்த்தாவே, எட்டு இலக்கமும் அப்படியா? ஒவ்வொன்றாகப் போனாலும் மிச்சம் இருப்பது முழுசாகவே இருக்குமா?

மேலே இருக்கிற நாலைந்து கிள்ளலையும் அவள் சோதிக்கவில்லை. சோதிக்க முடியாது, குறைந்தபட்சம் இந்த நாற்காலியில் முடியாது. அப்படி இருந்தும் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. பட்டதும் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷமாக நிரூபணம் இல்லாமல் ஒரு வரியைக்கூட ஏற்றுக்கொள்ளாதவள், எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளில் 'எப்படி?' என்று சிவப்பு மையில் எழுதியவள், இன்றைக்கு ஐம்பத்தொன்றைப் பகா எண் என்று சொன்ன மனுஷன் வாயிலிருந்து வந்ததை அப்படியே நம்புகிறாள். முகத்தைப் பார்த்தே. அது எப்படி? ஆனால் கேள்வி ரொம்ப உறுத்தவில்லை. மறுபக்கம் ஒரு நினைப்பு வந்து இடறியது. கிள்ளுவது சரி, ஒட்டினால்? கடைசியில் இன்னொரு இலக்கம் சேர்த்தால்? இரட்டைப்படை சேர்க்க முடியாது, ஐந்து முடியாது. ஒன்று சேர்த்தால் கூட்டுத்தொகை முப்பத்தொன்பது, மூன்று வந்து உடைத்துவிடும். ஏழு சேர்த்தால் நாற்பத்தைந்து, அதுவும் போச்சு. மிச்சம் மூன்றும் ஒன்பதும். அவையும் ஒட்டாது என்று வைத்துக்கொண்டால், இந்த எண் இதோடு முடிந்தது. வளராது. ஒரு ஆள் கல்யாணம் கேட்டுவிட்டு இப்படி ஒரு எண்ணையா கொண்டுவந்து கொடுப்பார், இதோடு யாரும் வந்து ஒட்ட முடியாது என்று? வாபஸ் வாங்குகிறாரோ? "வந்துடுச்சு!" என்றார் டாக்டர் ஷமீமா. கண்ணைத் திறந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய கடைவாய்ப் பல், மூன்று வேரோடு, குறட்டின் நுனியில் ஒரு சின்ன முக்காலி மாதிரி நின்றது. எவ்வளவு சின்னது! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நாக்கால் அந்த இடத்தைத் தொடப் போனாள். "தொடாதீங்க" என்று டாக்டர் பஞ்சை மடித்து அங்கே வைத்தார். "நல்லாக் கடிச்சுப் பிடிங்க. வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, துப்பக் கூடாது." பேசக் கூடாது என்பது காதில் தேனாக விழுந்தது. எழுந்து செருப்பைத் தேடும்போதுதான் அது வந்தது. எங்கிருந்தோ, எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷப் பாடத்திலிருந்து, ஒரு மழைக்காலத்து மத்தியானத்திலிருந்து. பின்னால்தானே ஒட்டாது? முன்னால்? இந்த எட்டு இலக்கத்தையும் அப்படியே வாலாக வைத்துக்கொண்டு முன்பக்கம் வேண்டிய இலக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போனால், அதில் பகா எண்கள் வரும். ஒன்றிரண்டு இல்லை, முடிவே இல்லாமல் வரும். அது நிரூபணமான தேற்றம், அவளே பலகையில் எழுதி நிரூபித்துக் காட்டியிருக்கிறாள், யார் முகத்தையும் பார்த்து நம்ப வேண்டியதில்லை. வாய்க்குள் பஞ்சு இல்லாவிட்டால் கத்தியிருப்பாள். முன்வாசல் திறந்துதான் இருக்கிறது, அதுவும் முடிவில்லாமல்.

வரவேற்பறையில் சிகாமணி சார் ஒரு பழைய குழந்தை வளர்ப்புப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் அது கீழே விழுந்தது. "ரொம்ப வலிச்சுதா மேடம்?" இல்லை என்று தலையாட்டினாள். "எண்ணு? உடைஞ்சுதா?" இல்லை என்று இன்னும் பலமாகத் தலையாட்டினாள், ஒரு விரலால் காற்றில் நுனியைக் கிள்ளிக் காட்டினாள். அவர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. "கண்டுபிடிச்சிட்டீங்களா! நான் ரெண்டு நாளாத் தேடுனேன் மேடம், பையன்கிட்ட கம்ப்யூட்டர்ல சரிபாக்கச் சொன்னேன், இந்தத் தடவை ஐம்பத்தொண்ணு மாதிரி ஆகிறக் கூடாதுன்னு. அந்த வகையில இதுதான் இருக்கதுலயே பெருசாம். இதுக்கு மேல ஒரு இலக்கம்கூட ஒட்டா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தான் கொண்டுவந்த பரிசில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். காது நுனி சிவந்தது. "அய்யோ, நான் அந்த அர்த்தத்துல..." என்று தடுமாறினார். கிருபாவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பஞ்சைக் கடித்துக்கொண்டு மூக்கால் சிரித்தாள். எப்படிச் சொல்வது இவருக்கு, தேற்றத்தை, முன்வாசலை, கைஜாடையில்? அதற்குள் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் மாத்திரைக் கவரை நீட்டி, இவளை விட்டுவிட்டு அவரிடம் பேச ஆரம்பித்தாள். "சார், கேட்டுக்கிடுங்க. பஞ்சை எடுத்ததும் உங்க வீட்டம்மாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க. சூடா எதுவும் வேண்டாம். ராத்திரி வலி இருந்தா இந்த மாத்திரை. நாளைக்கும் வீட்டம்மாவை ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க." சிகாமணி சார் திடுக்கிட்டுப் போனார். "இல்லம்மா, நீங்க தப்பா... இவங்க என்கூட காலேஜ்ல..." என்று அவசர அவசரமாகத் திருத்த வாயெடுத்தார்.

கிருபாவதி அவர் கையைப் பிடித்தாள். முழங்கைக்கு மேலே, சட்டையோடு சேர்த்து, நன்றாக இறுக்கிப் பிடித்தாள். அவர் திரும்பினார். அவள் அவரைப் பார்த்து, வேண்டாம், திருத்த வேண்டாம் என்று தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பிறகு மேசைப் பெண்ணைப் பார்த்து, சரி என்று மேலும் கீழுமாக ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சிகாமணி சார் அப்படியே நின்றார், மாத்திரைக் கவர் ஒரு கையில், அவள் பிடி இன்னொரு கையில். "மேடம்..." என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "எந்த ஐஸ்கிரீம் பிடிக்கும்?" என்று கேட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது கிருபாவதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திறந்தாள். "பிஷ்தா" என்றாள், பஞ்சும் எச்சிலும் மரத்த உதடுமாக அது என்னவோ போல வந்தது. அவர் ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.